அக்காவின் கட்டங்கள்

ஒரு திங்கட்கிழமை காலை கணினியைத் திறந்தபோது, அவள் தினமும் எழுதுகிற ஒரு சொல்லின் மேல் குறுக்குக் கோடு விழுந்திருந்தது. நிரலில் அந்தச் சொல் வந்த இடமெல்லாம் கோடு. சுட்டியை அருகே கொண்டுபோனால் சின்னதாக ஒரு மஞ்சள் பெட்டி எட்டிப் பார்த்தது: 'இந்தக் கருவி கைவிடப்பட்டது. அடுத்த பதிப்பில் இருக்காது.'

கைபேசித் திரையில் எது எங்கே உட்கார வேண்டும் என்று சொல்லுகிற பழைய கருவி அது. இந்தப் பொத்தான் இடது ஓரத்திலிருந்து இவ்வளவு தள்ளி, மேலிருந்து இவ்வளவு கீழே என்று ஒவ்வொன்றுக்கும் அளந்து இடம் கொடுக்க வேண்டும். கொடுத்த இடத்தில் ஆணி அடித்தாற்போல் நிற்கும். போன்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்த காலத்துக்கு அது போதும். இப்போது நீளமானது, அகலமானது, மடிக்கிறது என்று ஆளுக்கொரு போன். ஒன்றில் பாதித் திரை காலியாகக் கிடக்கும், இன்னொன்றில் ஓரத்துப் பொத்தான் வெட்டுப்பட்டு நிற்கும். புதிய கருவியிடம் இடத்தை அளந்து சொல்ல வேண்டியதில்லை. எதற்குப் பக்கத்தில் எது, எது பெரிது, எது சிறிது என்று சொல்லிவிட்டால் திரைக்குத் தக்கபடி அதுவே அடுக்கிக்கொள்ளும்.

பழைய கருவியில் அவளைப்போல் வேலை செய்ய அந்த அலுவலகத்தில் ஆள் கிடையாது. அதனால் அவளுக்கு 'அளவுகோல்' என்று பெயர். மேலாளர்தான் வைத்தார். அவருக்கும் ஒரு பெயர் உண்டு. எதைக் கேட்டாலும் "ஆகட்டும்" என்பார், ஆகவே ஆகட்டும்.

"பார்த்துட்டேன், பார்த்துட்டேன்" என்று அவர் அவள் மேசைக்கே வந்தார். "எல்லாத் திரையையும் புதுசுக்கு மாத்தணும். முதல்ல எதை எடுக்கலாம்?"

"பேச்சு ஆப்பை எடுத்துக்கறேன் சார். அதுல ஏகப்பட்ட கட்டம்" என்றாள்.

அந்தச் செயலியை மற்றவர் கையில் விட அவளுக்கு மனம் இல்லை. அதன் காரணம் வீட்டில் இருந்தது.

அவளுடைய அக்கா, பக்கவாதம் வருகிறவரை ஒரு துணிக்கடையில் விற்பனைப் பிரிவில் இருந்தவள். திரைச்சீலை வாங்க வந்தவர்களை மெத்தை உறையும் வாங்க வைத்து அனுப்புகிற வாய் அவளுக்கு. கடை முதலாளி அவளை வானொலி என்பார். "வானொலி லீவு போட்டா கடையில எழவு விழுந்த மாதிரி இருக்கு" என்று அவர் அலுத்துக்கொண்டதைத் தங்கையிடம் நடித்துக் காட்டிச் சிரிப்பாள். அந்த வாய் ஒரே காலையில் நின்றுபோனது. வலது காலில் கொஞ்சம் உயிர் திரும்பியது. வலது கை மடியில் கிடந்தது. முகத்தில் வலது பாதி இறங்கிவிட்டது. சொல்ல வேண்டியது உள்ளே இருக்கிறது, வெளியே வருகிற வழிதான் அடைந்துவிட்டது என்றார் மருத்துவர். வாயைத் திறந்தால் "த... த..." என்று ஒரே ஓசை. எழுத்தும் போய்விட்டது. செய்தித்தாளை நீட்டினால் வெள்ளைச் சுவரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

பேச்சிழந்தவர்களுக்கான அந்தச் செயலியைத் தங்கை செய்தது அதற்குப் பல வருடம் முன்பு. யாருக்கோ என்று நினைத்துச் செய்தது. திரை நிறையக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு படம், ஒரு சொல். தொட்டால் போன் அந்தச் சொல்லைச் சொல்லும். அதிலிருந்த இயந்திரக் குரலைக் கேட்டு அக்கா முகத்தைச் சுளித்தாள். தங்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை அறைக்கதவைச் சாத்திக்கொண்டு எல்லாச் சொல்லையும் தன் குரலில் பதிந்து கொடுத்தாள். அதன்பிறகு தங்கையின் குரலில் அக்கா பேசினாள்.

முதலில் தண்ணீர், கழிவறை, வலிக்குது. பிறகு மெல்ல மெல்லப் பழைய அக்கா எட்டிப் பார்த்தாள். தங்கை சமைத்ததை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு இடது கட்டைவிரலால் "மருத்துவர்" என்று அழுத்துவாள். பகலில் பார்த்துக்கொள்ள வருகிற அம்மாள் தன் மருமகளைப் பற்றி ஆரம்பித்தால் "விளக்கை அணை." மாடிவீட்டுக்காரர் தண்ணீர்க் குழாய்ப் பஞ்சாயத்தோடு வந்து உட்கார்ந்தால், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "தூக்கம் வருது."

பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிறவர்தான் ஒருநாள் அதைக் கண்டுபிடித்தார்.

"கவனிச்சீங்களா? உங்க அக்கா போனைப் பார்க்கறதே இல்ல. நம்ம முகத்தைத்தான் பார்க்கறாங்க. படத்தை வச்சு அவங்க அழுத்தல. இடத்தை வச்சு அழுத்தறாங்க. மேல ஓரத்துல இது, நடுவுல அதுன்னு கைக்கு மனப்பாடம் ஆயிடுச்சு."

தங்கை ஒரு துணியால் திரையை மூடிப் பார்த்தாள். அக்கா துணிக்கு மேலேயே, ஓரத்தைத் தடவி, "அறிவு இருக்கா" என்று சரியாக அழுத்தினாள். அது தங்கை அவளுக்காகவே தனியாகச் சேர்த்துக் கொடுத்த கட்டம்.

அலுவலகத்தில் திரைகளைப் புதிய கருவிக்கு மாற்றும் வேலை ஓடிக்கொண்டிருந்தது. பேச்சுச் செயலியின் வரைவைப் பார்த்துவிட்டு மேலாளர் சொன்னார்:

"கட்டம் ரொம்பப் பொடியா இருக்கு. வரிசைக்கு அஞ்சு கட்டத்தை நாலாக்கிடலாம். கை நடுங்கறவங்களுக்கு நல்லதுதானே?"

"நல்லதுதான் சார். ஆனா நாலாக்கினா முதல் வரிசையைத் தவிர எல்லாமே இடம் மாறிடும். ஏற்கெனவே பழகினவங்க என்ன செய்வாங்க?"

"படம் இருக்கு, சொல்லு இருக்கு. பார்த்து அழுத்தப் போறாங்க. ரெண்டு நாள்ல பழகிடும்."

"எங்க அக்கா பார்த்து அழுத்தறதில்ல சார்."

மேலாளர் வரைவை மறுபடி பார்த்தார். அக்காவை மருத்துவமனையில் வந்து பார்த்தவர் அவர். கெட்ட மனிதர் இல்லை.

"அப்ப ஒண்ணு பண்ணலாம். பழைய வரிசை வேணுமா, புதுசு வேணுமான்னு ஆப்பைத் திறந்ததும் கேக்கட்டும். வேணுங்கறதை அவங்க எடுத்துக்கட்டும். ஆகட்டும், செஞ்சிடுங்க."

அவள் செய்தாள். புதிய கருவியிலேயே, ஒவ்வொரு கட்டத்தையும் பழைய இடத்தில் பிசகாமல் நிறுத்துகிற மாதிரி ஒரு அமைப்பும் செய்து சேர்த்தாள். அவரவர் பதிந்து வைத்த குரல்கள் ஒன்றுகூடத் தொலையாமல் புதிய பதிப்புக்குப் போகவேண்டும் என்று அதற்கும் தனியாகக் கவனம் எடுத்துக்கொண்டாள்.

சோதனைப் பிரிவில் அது சிக்கியது. குறுகலான சில போன்களில் பழைய வரிசையைத் தேர்ந்தெடுத்தால் வலது ஓரத்துக் கட்டங்கள் வெட்டுப்பட்டன. சரிசெய்ய நேரம் வேண்டும் என்றாள். நேரம் இல்லை. போன் தயாரிக்கிறவர்கள் கெடு வைத்துவிட்டார்கள்.

"இந்த வெளியீட்டுல அதை மறைச்சு வச்சிடலாம்மா. அடுத்ததுல கண்டிப்பாப் போடறோம்."

"அதுவரைக்கும்?"

"ஆகட்டும்னு சொல்றேன்ல? அடுத்ததுல."

அவள் வீட்டுக்குப் போய் முதல் வேலையாக அக்காவின் போனில் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதியை அணைத்தாள். அடுத்த வெளியீடு வருகிறவரை பழையதே ஓடட்டும். அவளைப்போல் ஒரு தங்கை இல்லாத வீடுகளை நினைத்தாள். நினைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை என்று படுத்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் தலையணை வந்தது.

அக்காவுக்கு ஒரே மகன். வேறு ஊரில் வேலை. அங்கே ஒரு பெண்ணை அவனுக்குப் பிடித்திருந்தது. அவனைவிட மூத்தவள், ஒருமுறை கல்யாணம் ஆகி முறிந்தவள், மருத்துவமனையில் செவிலி. அக்கா ஒரேயடியாக மறுத்துவிட்டாள். போனில் அம்மாவும் மகனும் கட்டிப் புரளாத குறைதான். "அவ இந்த வீட்டு வாசப்படி மிதிச்சா நான் இருக்க மாட்டேன்" என்று அக்கா கத்தியது மாடிவீடுவரை கேட்டது. அது நடந்து சில வாரத்தில் அக்கா விழுந்தாள். தன்னால்தான் விழுந்தாள் என்று மகன் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அதன்பிறகு அந்தப் பெண்ணைப் பற்றி அம்மாவிடம் வாய் திறக்கவில்லை. அவளைக் கட்டவும் இல்லை, விடவும் இல்லை.

அந்தப் பெண் தானே தைத்து அனுப்பியது அந்தச் சின்னத் தலையணை. செயலிழந்த கை மடியில் நழுவாமல் தாங்க, நடுவே குழி வைத்துத் தைத்தது. அக்கா அதைக் கையில் வாங்கியதும் திருப்பித் தையலைப் பார்த்தாள். துணிக்கடைக்காரி அல்லவா. கட்டைவிரலால் மூட்டுத் தையலை இழுத்துப் பார்த்தாள், உள்துணியை நெருடினாள், மறுபடி திருப்பினாள். வெகுநேரம் கழித்து அழுத்தினாள்: "நல்லது."

"என்னது, தலையணையா?" என்றாள் தங்கை.

அக்கா கட்டில் சட்டத்தில் இரண்டுமுறை தட்டினாள். ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை.

"பின்னே? அவளா?"

ஒரு தட்டு. கட்டைவிரல் மறுபடி போனுக்குப் போனது. "கூட்டிட்டு வா."

தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. அக்காவின் மகனுக்குச் சொல்ல உடனே போனை எடுத்தவள், என்னவோ தோன்றிக் கீழே வைத்தாள்.

"இதை நான் சொன்னா நல்லா இருக்காதுக்கா. நீயே சொல்லு. எப்பவும் போலப் புதன்கிழமை கூப்பிடுவான்ல? உன் வாயால கேட்டா ஆடிப்போயிடுவான்."

அக்கா பாதி முகத்தால் சிரித்தாள். "அறிவு இருக்கா" என்று அழுத்தினாள். அதற்கு ஆமாம் என்று அர்த்தம்.

அவனுக்குத் தங்கை ஒரு வரி மட்டும் அனுப்பினாள்: அம்மா உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டுமாம், அந்தப் பெண் விஷயமாக.

இடையில் ஒருநாள் அக்காவைப் பயிற்சிக்குக் கூட்டிப்போக அவள் விடுப்பு எடுத்திருந்தாள். அன்று அலுவலகத்தில் ஒரு கூட்டம் நடந்தது. பழைய பதிப்புக்கு ஒன்று, புதியதற்கு ஒன்று என்று இரண்டு சர்வர்களை வைத்துக் கட்டி அழ முடியாது, மாறாமல் பழையதைத் திறக்கவே முடியாதபடி எல்லாரையும் புதியதற்குத் தள்ளிவிடலாம் என்று முடிவானது. அலுவலகக் குழுவில் செய்தி வந்தது. காலை வணக்கங்களுக்கும் யாருடைய பிறந்தநாள் வாழ்த்துக்கும் நடுவே வந்த அதை அவள் பார்க்கவில்லை.

புதன்கிழமை மதியம் அக்கா தன் போனைத் திறந்தாள். கட்டங்களைக் காணோம். வெள்ளைத் திரையில் இரண்டு வரி எழுத்து, அதன் கீழே ஒரே ஒரு பொத்தான். எழுத்தை அவளால் படிக்க முடியாது. இருந்ததே ஒரு பொத்தான்தான், அதை அழுத்தினாள். ஏதோ சுற்றியது, நின்றது. மறுபடி கட்டங்கள் வந்தன. மேல்வரிசையில் "தண்ணி" அழுத்திப் பார்த்தாள். தங்கையின் குரல் "தண்ணி" என்றது. பார்த்துக்கொள்ளும் அம்மாள் தண்ணீர் கொண்டுவந்தாள். அக்கா நிம்மதியாகப் போனை மடியில் வைத்துக்கொண்டாள்.

மகன் எப்போதும் அம்மாளின் போனில்தான் முகம் பார்த்துப் பேசுவான். அம்மாள் அதைத் தண்ணீர்க் கூஜாவில் சாய்த்து வைப்பாள். அன்றும் வைத்தாள்.

"எப்படிம்மா இருக்க? சித்தி என்னமோ சொன்னாங்க. நீ என்கிட்ட ஏதோ சொல்லணுமாம்." அவன் குரலில் பயம் இருந்தது. போனைக் கொஞ்சம் விலக்கிப் பிடித்தான். பக்கத்தில் அந்தப் பெண் நின்றிருந்தாள். "இவளையும் வரச் சொன்னேன். எதுவா இருந்தாலும் ரெண்டு பேரும் கேட்டுக்கறோம்."

அக்கா அவளைப் பார்த்தாள். முதன்முதலாகப் பார்க்கிறாள். சிரித்தாள். வலது பாதி இறங்கிப்போன முகத்தில் அது சிரிப்பாகத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான். அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கட்டைவிரலை நடுவரிசைக்குக் கொண்டுபோய் அழுத்தினாள்.

"வேண்டாம்" என்றது தங்கையின் குரல்.

அக்கா திடுக்கிட்டுக் கீழே பார்த்தாள். மறுபடி, அதே இடத்துக்கு அடுத்தது.

"வலிக்குது."

"என்னம்மா?" என்றான் மகன்.

அக்கா கீழ்வரிசையின் ஓரத்தை அழுத்தினாள். "கூட்டிட்டு வா" அங்கேதான் இருந்தது. எத்தனை மாதமாக அங்கேதான் இருந்தது.

"போ."

அவள் இன்னும் அழுத்தமாக அழுத்தினாள். சரியாக அழுத்தினால் சரியாக வரும் என்று நினைத்திருக்க வேண்டும்.

"போ. போ. போ."

அம்மாள் ஓடிவந்தாள். "பெரியம்மா, பெரியம்மா, விடுங்க!" அக்கா விடவில்லை. முகம் சிவந்து, "த... த..." என்று அடித்தொண்டையில் கத்திக்கொண்டே அந்த ஒரு கட்டத்தை விரல் முட்டியால் குத்தினாள். போன் நிதானமாகச் சொல்லிக்கொண்டே இருந்தது.

"பரவாயில்லம்மா" என்றாள் அந்தப் பெண், மெல்லிய குரலில். திரையிலிருந்து விலகிப்போனாள். மகன் கொஞ்சநேரம் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரிம்மா. புரிஞ்சுபோச்சு" என்றான். திரை இருண்டது.

அதே நேரம் அலுவலகத்தில் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். புதிய பதிப்பு எங்கேயும் விழாமல், முடங்காமல் ஓடிக்கொண்டிருந்தது. "அளவுகோல் இல்லேன்னா இது நடந்திருக்காது" என்று மேலாளர் சொல்ல, எல்லாரும் கைதட்டினார்கள். அவள் கையில் காகிதத் தட்டு. போன் அடித்தது.

"சின்னம்மா, பெரியம்மா போனைத் தூக்கிச் சுவத்துல அடிச்சிட்டாங்க. தம்பி பேசிட்டு இருக்கும்போதே. என்ன கோவமோ தெரியல, அந்தப் பொண்ணை வேண்டாம்னுட்டாங்க."

"யார் சொன்னா வேண்டாம்னு?"

"போன்தான் சொல்லுச்சு. வேண்டாம்னு சொல்லுச்சு, வலிக்குதுன்னுச்சு. அப்புறம் போ போ போன்னு விடாம."

இரண்டு வரிசைகளையும் கட்டியவள் அவள்தான். பழையதில் எந்த இடத்தில் எது, புதியதில் அதே இடத்தில் எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். வேண்டாம் இருக்கிற இடத்தில் முன்பு இருந்தது 'நல்லது.' வலிக்குது இருக்கிற இடத்தில் 'சந்தோஷம்.' போ என்பது 'கூட்டிட்டு வா.'

அவள் தட்டைக் கீழே வைத்தாள். "என்னாச்சு?" என்று கேட்டார் மேலாளர்.

"பழைய பதிப்பை எப்ப சார் நிறுத்தினீங்க?"

"இன்னிக்குக் காலைல. குரூப்ல போட்டோமே, பார்க்கலையா?"

அவள் படிக்கட்டுக்கு வந்து அக்கா மகனை அழைத்தாள். மூன்றாம் முறைதான் எடுத்தான்.

"டேய், அம்மா அதைச் சொல்லலடா. ஆப் மாறிடுச்சு. கட்டமெல்லாம் இடம் மாறிடுச்சு. அவ கூட்டிட்டு வான்னுதான் அழுத்தினா. நல்லது, சந்தோஷம், கூட்டிட்டு வா. சத்தியமாடா."

"சித்தி..."

"போன வாரமே என்கிட்ட சொன்னா. நான்தான் நீயே சொல்லுன்னு விட்டேன்."

"சித்தி, நீங்க நல்லவங்க. அதனால இப்படிச் சொல்றீங்க. நான் அம்மா மூஞ்சியைப் பார்த்தேன். போன தடவை சண்டை போட்டப்ப எப்படி இருந்தாங்களோ அதே மூஞ்சி."

"அந்தக் கோவம் உன்மேல இல்லடா, அந்தப் பெட்டிமேல!"

"அவ கிளம்பிப் போயிட்டா சித்தி. நான் தடுக்கல. ஒரு உசிரைப் படுக்கையில தள்ளிட்டு நான் வாழ முடியாதுன்னு சொல்லிட்டுப் போறா. நான் என்ன பதில் சொல்றது?"

அந்தப் பெண்ணின் எண்ணைக் கேட்டு வாங்கி அவளையும் கூப்பிட்டாள். "நான் அவனோட சித்தி பேசறேம்மா" என்று ஆரம்பித்ததும் மறுமுனையில் மூச்சு நின்றது போலிருந்தது. தங்கை எல்லாவற்றையும் சொன்னாள். தலையணையைத் திருப்பித் தையல் பார்த்ததிலிருந்து சொன்னாள். அந்தப் பெண் குறுக்கிடாமல் கேட்டாள்.

"நீங்க சொல்றது உண்மையாவே இருக்கலாம்க்கா" என்றாள் கடைசியில். "ஆனா உங்க குரல்லதானே அது சொல்லுச்சு? இப்ப நீங்க பேசப் பேச எனக்கு அதுதான் கேக்குது. கோவமாச் சொல்லியிருந்தாக்கூடத் தாங்கிருப்பேன். எவ்வளவு பொறுமையா சொல்லுச்சு தெரியுமா, போன்னு? தப்பா எடுத்துக்காதீங்க. நான் வச்சிடறேன்."

தங்கை மறுபடி கூப்பிடவில்லை. அவள் எதைப் பேசினாலும் அந்தக் குரலில்தான் பேசியாக வேண்டும்.

வீட்டில் அக்காவின் போன் மூலையில் கண்ணாடி விரிசல் விட்டுக் கிடந்தது. அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தங்கை வேறொரு போன் வாங்கினாள், அதே அளவில். தன் கணினியில் தனியாக ஒரு பதிப்பு செய்தாள். அலுவலகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. யாரும் எங்கிருந்தும் மாற்ற முடியாது. ஒவ்வொரு கட்டமும் பழைய இடத்தில், பழைய அளவில், நூலிழை பிசகாமல். இனி அக்கா உயிரோடு இருக்கிறவரை அது அசையாது.

"பழைய மாதிரியே பண்ணிட்டேன்கா. எல்லாம் அதே இடம். அழுத்திப் பாரு."

அக்கா போனைப் பார்த்தாள். தங்கை அவள் கட்டைவிரலைப் பிடித்துத் திரையில் வைத்தாள். "தண்ணி" என்றது. இன்னொன்றில் வைத்தாள். "நல்லது" என்றது. அந்தச் சொல்லைக் கேட்டதும் அக்கா கையை உருவிக்கொண்டாள், சுட்டதுபோல.

பேச்சுப் பயிற்சிக்காரர் பல தடவை முயன்று பார்த்தார். "கை நம்பினாத்தான் அழுத்தும். அவங்க கை இப்ப எதையும் நம்பத் தயாரா இல்ல" என்றார். "விடாதீங்க, முயற்சி பண்ணிட்டே இருங்க" என்றும் சொன்னார். ஆனால் அவர் வருவது குறைந்தது.

மாடிவீட்டுக்காரர் குழாய்ப் பஞ்சாயத்தைச் சொல்ல ஆரம்பித்தால் இப்போது முடிகிறவரை சொல்லிவிட்டுத்தான் போனார். தங்கை சமைத்ததை அக்கா பேசாமல் சாப்பிட்டாள். அந்தப் போன் மேசைமேல் மின்னேற்றியில் செருகியபடியே இருந்தது. வேண்டியதை எல்லாம் தங்கை கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். தண்ணியா? ஒரு தட்டு. ஜன்னலை மூடணுமா? இரண்டு தட்டு. கேட்கத் தோன்றாததை அக்கா சொல்ல வழியில்லை.

அலுவலகத்தில் செயலிக்கு வந்த கருத்துகளைப் படித்து அவ்வப்போது பதில் போடுவதும் அவள் வேலை. புதிதாக வாங்கியவர்கள் பாராட்டியிருந்தார்கள். கட்டம் பெரிதாக இருக்கிறது, அம்மா ஒரே நாளில் கற்றுக்கொண்டார், நன்றி. நடுநடுவே வேறு மாதிரியும் வந்தன. 'அப்பா இந்த ஆப்பில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார். புதியது வந்ததிலிருந்து போனைத் தொடுவதில்லை. பழையது கிடைக்குமா?' அதன் கீழே அவள் நிறுவனத்தின் வழக்கமான வாசகத்தை ஒட்டினாள்: தங்கள் கருத்துக்கு நன்றி, அடுத்த வெளியீட்டில் பரிசீலிக்கிறோம். ஒட்டிவிட்டுக் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அடுத்த வெளியீடு வந்தது. அதில் வேறு அவசரங்கள் இருந்தன. "அதுக்கு அடுத்ததுல" என்றார் மேலாளர். பிறகு அவளை வேறொரு செயலிக்கு மாற்றினார்கள். அதிலும் பழைய கருவியில் கட்டிய திரைகள் நிறைய இருந்தன.

மழை பிடித்திருந்த ஒரு பிற்பகலில் அக்கா மகன் வந்தான். தனியாக. மெலிந்திருந்தான். அந்தப் பெண் வேலையை வேறொரு ஊருக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள், எண்ணையும் மாற்றிவிட்டாள் என்று சமையலறையில் வைத்துச் சித்தியிடம் சொன்னான்.

"தேடிப் போடா" என்றாள் அவள். "அம்மாகிட்டயே கேளு. ஒரு தட்டுன்னா ஆமா, ரெண்டுன்னா இல்ல. அவளை வேண்டாம்னு சொன்னியான்னு நேராக் கேளு. அப்பவாவது நம்புவியா?"

அவன் தம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தான். கழுவினதையே மறுபடி கழுவினான்.

"கேக்க வேண்டாம் சித்தி."

"ஏன்டா?"

"நீங்க சொன்னது பொய்னு நான் நினைக்கல. யோசிச்சுப் பார்த்தேன். அது உண்மைன்னா இன்னும் மோசம். ஒரு பொத்தான் நாலு விரல்கடை நகர்ந்ததுக்காக என் வாழ்க்கை போச்சுன்னு நான் எப்படித் தாங்கறது? அம்மா சொன்னாங்க, அவ போனா. அப்படியே இருக்கட்டும். அதுல ஒரு அர்த்தமாவது இருக்கு."

அவன் தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு அறைக்குப் போனான். அவளும் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றாள்.

அவன் கட்டிலில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவளைத் தூக்கிச் சாய்த்து வைத்தான். கூந்தலை ஒதுக்கிவிட்டான்.

"அம்மா, என்னைப் பாரு. எனக்கு உன்மேல கோவம் இல்ல. நீ உன் மனசுல பட்டதைச் சொன்ன. பெத்தவ சொல்லாம யார் சொல்லுவா? நான் மறந்துட்டேன். நீயும் மறந்துடு."

அக்காவின் கண்கள் விரிந்தன. "த... த... த..." இடது கை எழுந்து கட்டில் சட்டத்தைத் தட்டியது. இரண்டுமுறை, மறுபடி இரண்டு, பிறகு கணக்கில்லாமல் படபடவென்று.

"டேய், பாரு, இல்லங்கறா!" என்றாள் தங்கை.

"விடுங்க சித்தி, அவங்களைப் படுத்தாதீங்க." அவன் அந்தக் கையை எட்டிப் பிடித்தான். இரண்டு கையாலும் சேர்த்துத் தன் மடியில் வைத்து இறுக்கிக்கொண்டான். "சரிம்மா, சரி, சரி. தெரியும். நீ வருத்தப்படறன்னு தெரியும். போதும், விடு."

பேசுகிற ஒரே கை அது. அவன் பிடியில் அது முதலில் துடித்தது. கொஞ்சம் கொஞ்சமாக ஓய்ந்தது. தூங்கிவிட்டாள் என்று நினைத்து அவன் மெல்லத் தலையணையில் கிடத்தினான். மழை விட்டதும் கிளம்பிவிட்டான். அடுத்த மாதம் வருவதாகச் சொன்னான்.

கதவைச் சாத்திவிட்டு வந்து தங்கை கட்டிலின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்தாள். அக்கா கண்ணைத் திறந்தபடி விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஏதாவது வேணுமா?"

இரண்டு தட்டு.

"அவன்மேல கோவமா?"

இரண்டு தட்டு.

சாலையில் தேங்கிய நீரைத் தெறிக்கவிட்டுக்கொண்டு ஒரு வண்டி போனது.

"என்மேலயா?"

கை சட்டத்தின் மேல் அப்படியே இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். ஒன்றாகவும் தட்டவில்லை, இரண்டாகவும் தட்டவில்லை.